பத்தாம் வகுப்பு என்று எழுதிய எம்.எஸ்சி. பட்டதாரி: ஒரு முந்திரி ஆலையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தில், கருங்கலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் உள்ள ஒரு முந்திரி ஆலையில் நான் மேலாளராக இருக்கிறேன். ஊரில் அதை ஆலை என்று யாரும் சொல்வதில்லை. 'அண்டி ஆபீஸ்' என்பதுதான் வழக்கு. வேலை நடக்கும் நாட்களில் சுமார் 140 பேர் வருவார்கள். சுமை தூக்குபவர்கள், போர்மாக்காரர், பாய்லர் பார்ப்பவர் என்று பத்துப் பதினைந்து ஆண்களைத் தவிர மற்ற எல்லோரும் பெண்கள். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் கொட்டையை நீராவியில் வேகவைத்து, உடைத்து, போர்மா என்னும் சூடறையில் உலர்த்தி, தோல் உரித்து, தரம் பிரித்து அனுப்புகிறோம். உடைப்பதற்கும் உரிப்பதற்கும் கிலோ கணக்கில் கூலி. தரம் பிரிப்பதற்கு நாள்கூலி. கொட்டை தீர்ந்தால் அடுத்த லோடு வரும்வரை எல்லோருக்கும் வேலை இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு மிகுந்த மாவட்டம் கன்னியாகுமரி. அப்போதே 91.75 சதவீதம். 1956-இல் தமிழ்நாட்டோடு சேருவதற்கு வெகுகாலம் முன்பே, திருவிதாங்கூர் நாட்களிலேயே, மிஷன் பள்ளிக்கூடங்கள் இங்கே வேர்விட்டுவிட்டன. இன்று பட்டதாரி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அந்தப் பட்டத்துக்கு ஏற்ற வேலை சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறது. ஆண்கள் போய்விடுகிறார்கள். திருமணமாகி, குழந்தையும் நடக்க முடியாத மாமியாரும் உள்ள பெண் எங்கே போவார்? நடந்து போகும் தூரத்தில் எது இருக்கிறதோ அதற்குத்தான் போவார். எங்கள் பக்கத்தில் அப்படி இருப்பது பெரும்பாலும் தனியார் பள்ளிக்கூடம், துணிக்கடை, அண்டி ஆபீஸ்.

இந்த நிகழ்வின் மையத்தில் இருப்பவர் அப்படி வந்த ஒருவர். எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களைத் திருத்தச் சொன்னார், திருத்தியிருக்கிறேன்.

சேர்ந்த நாள்

2023 ஜூன் மாதம், இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்திருந்த நேரம். தோல் உரிக்கும் பகுதியில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் ஓர் அம்மா, பக்கத்து வீட்டுப் பெண் என்று சொல்லி ஒருவரை அழைத்து வந்தார். வயது முப்பத்து நான்கு. கணவர் 2020-இல் வெளிநாட்டு வேலையை இழந்து ஊர் திரும்பி ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு. எங்கள் படிவத்தில் கல்வித் தகுதி என்ற இடத்தில் 'பத்தாம் வகுப்பு' என்று எழுதியிருந்தார். கையெழுத்து அச்சுப்போல் இருந்தது. அதை நான் பார்த்தேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

புதிதாக வருபவர்களை முதலில் உரிப்பில் உட்கார வைப்பது எங்கள் வழக்கம். அவரையும் அங்கேயே உட்கார வைத்தோம்.

கவனித்தவை

மழைக்காலத்தில் எங்களுக்கு ஆண்டுதோறும் வரும் தலைவலி, பருப்பு உடைவது. போர்மாவிலிருந்து வந்த பருப்பில் ஒரு பகுதி விரல் பட்டதும் இரண்டாகப் பிளந்துவிடும். இன்னொரு பகுதியில் தோல் ஒட்டிக்கொண்டு கத்தியால் சுரண்ட வேண்டியிருக்கும். முழுப் பருப்புக்கும் பிளந்த பருப்புக்கும் விலை வேறு. ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 வரை நிற்கும் முழுப் பருப்புத்தான் டபிள்யூ 320, எங்கள் வியாபாரத்தின் சோறு அது. அது பிளந்து போனால் ஆலைக்கு நட்டம். கூலியும் கிலோ கணக்கு என்பதால், சுரண்டிக்கொண்டே இருந்தால் உரிப்பவருக்கும் நட்டம். 'மழை அப்படி' என்று சொல்லிப் பழகியிருந்தோம்.

அவர் சேர்ந்த நான்காவது வாரம், போர்மாக்காரர் என்னிடம் வந்து மூன்று சிறிய துணிப் பைகளைக் காட்டினார். ஒன்றில் ஒரு நூல் முடிச்சு, அடுத்ததில் இரண்டு, மற்றதில் மூன்று. "அந்தப் புதுப் பிள்ளை கொடுத்தது சார். மூன்று தட்டில் போட்டு எடுத்துத் தரச் சொன்னது, போட்டேன். தப்பா?" என்று கேட்டார். ஒவ்வொரு பையிலும் 200 கிராம் பருப்பு போட்டு, சூடு வரும் பக்கத்துத் தட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று என்று வைக்கச் சொல்லியிருக்கிறார். உலர்ந்த பிறகு எடுத்த எடைகளைத் தன் கூலிச் சீட்டின் பின்புறத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 186, 189, 192. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இழந்த ஈரத்தின் சதவீதம்: 7, 5.5, 4. அதன் கீழே ஒரே வரி: 'நேரம் பாதியானதும் தட்டுகளை இடம் மாற்றினால் போதும்.'

உலர்த்தும்போது பருப்பின் ஈரத்தை ஏறத்தாழ 3 சதவீதம் வரை இறக்க வேண்டும். அப்போதுதான் மேல்தோல் மொறுமொறுப்பாகிக் கழன்று வரும். அதற்கும் கீழே போனால் பருப்பே நொறுங்கும். மேலே நின்றால் தோல் ஒட்டும். இந்த விதி எனக்கும் தெரியும். ஒரே போர்மாவில் ஒரே நேரத்தில் இரண்டும் நடக்கிறது என்பதை எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்று இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றவில்லை. மறுநாளிலிருந்து தட்டுகளை இடம் மாற்றினோம். உரிப்பு மேசைகளில் சுரண்டும் கத்திக்கு வேலை குறைந்தது கண்ணுக்கே தெரிந்தது. அவரைப் பாராட்டினேன், ஆகஸ்டில் தரம் பிரிக்கும் பகுதிக்கு மாற்றினேன். பத்தாம் வகுப்புப் படித்தவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அதே மாதங்களில்தான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கினார்கள். மதிய உணவு நேரத்தில் பெண்கள் படிவத்தை எடுத்துக்கொண்டு அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு வரிசை. தம்முடைய சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே எழுதிக்கொண்டிருந்த நாட்களும் உண்டு. "மக்களே, நீ எத்தனை படித்திருக்கிறாய்?" என்று மேஸ்திரி அக்கா கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றியதாகப் பிறகு அறிந்தேன். சிலர் அவரை 'டீச்சர்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அன்பாகக் கூப்பிட்டவர்களும் உண்டு, குத்தலாகக் கூப்பிட்டவர்களும் உண்டு. அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அவர் முகம் இறுகியதைப் பார்த்திருக்கிறேன்.

தெரியவந்தது

பி.எஃப். பதிவை ஒருவர் சேர்ந்ததுமே செய்ய வேண்டும். நாங்கள் மூன்று மாதம் தாமதித்தோம். அது எங்கள் தவறு. செப்டம்பரில் ஆதார் எண்ணை ஏற்றியபோது அவருக்கு ஏற்கெனவே ஒரு யு.ஏ.என்., அதாவது பி.எஃப். உறுப்பினர் எண், இருப்பது தெரிந்தது. பழைய நிறுவனம் ஒரு தனியார் பள்ளி.

அலுவலக அறைக்கு அழைத்துக் கேட்டேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். வேதியியலில் எம்.எஸ்சி., அதன்மேல் பி.எட். அந்தப் பள்ளியில் ஆறு ஆண்டு பாடம் நடத்தியிருக்கிறார். 2020-இல் பள்ளிகளை மூடியபோது சம்பளத்தைப் பாதியாக்கினார்கள், பிறகு நிறுத்தினார்கள். திறந்தபோது அவரைக் கூப்பிடவில்லை. வேறு பள்ளிகளில் சொன்ன சம்பளத்தில் பஸ் செலவு போக மிஞ்சுவது எங்கள் நாள்கூலிக்குக் கீழே இருந்தது. இரண்டு கடைகளில் விண்ணப்பித்திருக்கிறார். இரண்டிலும் சான்றிதழைப் பார்த்து, "இவ்வளவு படித்தவர் இங்கே எத்தனை நாள் நிற்பீர்கள்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"மூன்றாவது இடத்திலும் அதையே கேட்கக்கூடாது என்று பத்தாம் வகுப்பு என்று எழுதினேன் சார். பத்தாம் வகுப்பும் படித்ததுதானே, பொய் எழுதவில்லை" என்றார். அப்போதுதான் அழுதார்.

முதல் முடிவும் அதன் காரணமும்

ஆலை முதலாளி நீக்கிவிடலாம் என்றார். அவருடைய வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தகுதியை மறைத்தவர் வேறு எதையும் மறைக்கலாம். ஆசிரியர் வேலை கிடைத்தால் அன்றே போய்விடுவார். மற்றவர்களைக் கிளப்பிவிடவும் கூடும். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பையும் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஒடிசாவில் ஒரு பொதுத்துறை வங்கியின் பியூன் பணிக்கு, பட்டதாரி என்பதை மறைத்து விண்ணப்பித்தவரைப் பணியில் சேர்க்க மறுத்தது சரி என்ற தீர்ப்பு அது.

அதைத் தேடிப் படித்தேன். பட்டதாரிகள் விண்ணப்பிக்கக் கூடாது என்று அந்த வங்கியின் விளம்பரமே சொல்லியிருந்தது. எங்கள் ஆலையில் அப்படி எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்று அறிவிக்கப்படும் குரூப் 4 பணிகளுக்கே பட்டதாரிகளும் முதுநிலைப் பட்டதாரிகளும் தேர்வு எழுதுகிறார்கள், அரசு தடுப்பதில்லை. இல்லாத விதியை மீறினார் என்று ஒருவரை எப்படி அனுப்புவது? இன்னொன்றையும் முதலாளியிடம் சொன்னேன்: உண்மையை எழுதியிருந்தால் நானே அவரைச் சேர்த்திருக்க மாட்டேன். அவர் மறைத்ததற்குக் காரணம் எங்களைப் போன்றவர்களின் கேள்விதான்.

பதிவேட்டில் தகுதியைத் திருத்தி, அவரை வேலையில் தொடரச் சொன்னோம். இந்த முடிவு சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். அதன் பிறகு நடந்ததுதான் சரியில்லை.

நாங்கள் செய்த பெரிய பிழை

பட்டம் தெரிந்த மறுவாரமே அவருக்கு வேலைகள் கூடின. முதலில் நானே தொடங்கினேன். கொள்முதல் செய்பவரிடமிருந்து ஆங்கிலத்தில் வந்த ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதித் தரச் சொன்னேன். அழகாக எழுதிக் கொடுத்தார். பிறகு உணவுப் பாதுகாப்புப் பதிவேடு, பிறகு இ.எஸ்.ஐ. தாள்கள், பிறகு கொட்டை லோடு வந்தால் வெட்டிப் பார்க்கும் சோதனை.

அந்தச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூட்டைகளிலிருந்து எடுத்த ஒரு கிலோ கொட்டையை எண்ணி, வெட்டி, நல்ல பருப்பு எத்தனை கிராம் என்று நிறுத்து, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று கணக்கிடுவோம். 270 கிராம் நின்றால் ஏறத்தாழ 47 பவுண்டுக்கு மேல். இந்த எண்ணை வைத்துத்தான் லட்சக்கணக்கான ரூபாய்க் கொட்டைக்கு விலை பேசுகிறோம். கொச்சியிலோ கொல்லத்திலோ இந்தச் சோதனைக்கென்று சம்பளம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். இவருக்கு நாங்கள் கொடுத்தது தரம் பிரிப்பவரின் நாள்கூலி. ஐந்து மாதம் அப்படியே போயிற்று.

எங்களில் ஒருவருக்கும் இது தவறாகப் படவில்லை. படித்தவர், தெரிந்திருக்கிறது, செய்கிறார் என்று இருந்துவிட்டோம். தரம் பிரிக்கும் மேசையில் அவர் இல்லாத நேரத்தில் அவர் பங்கு வேலை மற்ற பெண்களின் தலையில் விழுந்தது. அவர்கள் என்னைக் கேட்கவில்லை, அவரிடம்தான் முகத்தைத் திருப்பினார்கள். மதியம் அவரைச் சுற்றி உட்கார்ந்த கூட்டம் கலைந்தது.

2024 பிப்ரவரி கடைசியில், ஒரு மாலை ஐந்து மணிக்கு மேல், லோடு சோதனைத் தாளை என் மேசையில் வைத்துவிட்டு நின்றார். "சார், ஒன்று கேட்கலாமா? சேரும்போது என் படிப்பு உங்களுக்குத் தெரிந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். இப்போது அந்தப் படிப்பை வைத்துத்தான் தினமும் வேலை வாங்குகிறீர்கள். அதற்கு என்ன கூலி?"

குரல் உயரவில்லை. எனக்குப் பதில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மேசையில் இருந்த தாளில் பவுண்டுக் கணக்கு இரண்டு தசமம் வரை சுத்தமாகப் போடப்பட்டிருந்தது.

தகுதிக்கு மிஞ்சியவர், வேலைக்குப் பெரியவர் என்று சொல்கிறோமே, அந்த மிச்சத் தகுதி எங்கே போகிறது என்று அன்றிரவுதான் யோசித்தேன். வாசலில் நிற்கும்போது அதைக் குறையாகப் பார்க்கிறோம். உள்ளே வந்த பிறகு, விலை கொடுக்காமல் எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டாம் முடிவு

2024 மார்ச்சில் முதலாளியோடு பேசி, எழுத்தில் ஓர் ஏற்பாடு செய்தோம். மதியம் வரை தரம் பிரிப்பு. மதியத்துக்குப் பின் ஈரப்பதம், லோடு சோதனை, பதிவேடு. இதற்குத் தனியாக நாளொன்றுக்கு 120 ரூபாய் படி. முதலாளி 75-இல் தொடங்கினார். அந்தச் சோதனையை வெளியே கொடுத்தால் ஆகும் செலவைக் காட்டிய பிறகுதான் ஏறினார். மதியத்துக்குப் பின் தரம் பிரிக்கும் மேசைக்கு வேறொருவரை வைத்தோம். மற்ற பெண்களின் கோபத்துக்கு மருந்து அதுதான் என்று மேஸ்திரி அக்கா முன்பே சொல்லியிருந்தார்.

தேர்வுக்கு விடுப்பு வேண்டும் என்று அவர் கேட்டார். முதுநிலை ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பதை மறைக்கவில்லை. "தேர்வானால் போய்விடுவேன் சார், இப்போதே சொல்லிவிடுகிறேன்" என்றார். சரி என்றோம். அதற்குப் பதிலாக நாங்கள் கேட்டது ஒன்றுதான்: சோதனை முறையை வேறு இருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவர் தேர்ந்தெடுத்த இருவரில் ஒருவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். எனக்குத் தயக்கம் இருந்தது. மூன்று வாரத்தில் அந்தப் பெண் கணிப்பான் இல்லாமலே கணக்குப் போட்டார்.

இன்னொருவர்

இதே காலத்தில் பி.இ. மெக்கானிக்கல் முடித்த ஓர் இளைஞர் சுமை தூக்கும் வேலைக்கு வந்திருந்தார். அவர் எதையும் மறைக்கவில்லை. பாய்லரில் ஒரு கசிவைச் சுட்டிக்காட்டினார், அதைப் பார்க்கும் பெரியவர் எல்லோர் முன்னிலும் அவரைத் திட்டினார். பாய்லரை இயக்கத் தனிச் சான்றிதழ் வேண்டும். இளைஞரிடம் அது இல்லை, பெரியவரிடம் இருந்தது. சட்டப்படி பெரியவர் பக்கம்தான் நிற்க வேண்டியிருந்தது. ஆனால் கசிவு உண்மை. அதை நான் அன்றே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். ஐந்தாவது மாதம் அவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். சான்றிதழ்த் தேர்வுக்கு அவரை அனுப்பியிருக்கலாம் என்பது விமானம் ஏறிய பிறகுதான் எனக்குத் தோன்றியது.

பின்னர் நடந்தது

ஏற்பாடு தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆண்டுக் கடைசியில் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, வேலையை விட்டுப் போனவர்கள் யார் என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். பட்டம் பெற்றவர் என்று போனது அந்த இளைஞர் ஒருவர்தான். மற்றவர்கள் பக்கத்து ஆலையில் கூலி கூட என்று போனவர்கள், பிரசவத்துக்குப் போனவர்கள், கொட்டை இல்லாமல் நின்ற வாரங்களில் வேறு வேலை தேடிக்கொண்டவர்கள். பட்டதாரி நிற்க மாட்டார் என்ற அச்சத்துக்கு எங்கள் பதிவேட்டில் பெரிய ஆதாரம் இல்லை. ஒரே ஓர் ஆலை, ஒரே ஓர் ஆண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் தேர்வு எழுதினார், கிடைக்கவில்லை. முடிவு வந்த மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வந்து, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உரிப்பிலிருந்து அந்தப் பக்கத்து வீட்டு அம்மா எழுந்து வந்து, ஒரு கிளாஸ் தேநீரை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். அவர் திருத்தச் சொன்ன இடங்களில் ஒன்று இது. 'இப்போது மனநிறைவோடு வேலை செய்கிறார்' என்று எழுதியிருந்தேன். அதை எடுக்கச் சொன்னார். "இங்கே குறை ஒன்றும் இல்லை சார். ஆனால் பள்ளிக்கூடப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று மகள் கேட்கும்போது எனக்கு உடனே வாய் வருவதில்லை. நிறைவு என்று நீங்கள் எழுதாதீர்கள்" என்றார். வகுப்பறையில் கரும்பலகை முன் நிற்க ஆசைப்பட்டுப் படித்தவருக்கு, நாளொன்றுக்கு 120 ரூபாய்ப் படியால் அந்த இடத்தை நிரப்ப முடியாது. ஆலையால் செய்யக்கூடியதன் எல்லை அது.

மாற்றியதும் மாற்ற வேண்டியதும்

படிவத்தை மாற்றினோம். கல்வித் தகுதிக்குக் கீழே, 'கூடுதல் தகுதி காரணமாக விண்ணப்பம் மறுக்கப்படாது' என்று ஒரு வரி அச்சடித்தோம். நேர்காணலில் 'எத்தனை நாள் நிற்பீர்கள்' என்று கேட்பதில்லை. 'தேர்வு ஏதாவது எழுதுகிறீர்களா, எப்போது விடுப்பு வேண்டும்' என்று கேட்கிறோம். ஒருவருடைய வேலைக்கு வெளியே அவரிடம் எதையாவது செய்யச் சொன்னால், ஒரு வாரத்துக்கு மேல் போகும் எதற்கும் படி எழுத வேண்டும் என்பதை நானே எனக்கு விதித்துக்கொண்டேன். பி.எஃப். பதிவு சேரும் நாளிலேயே நடக்கிறது.

அவருடைய அந்த ஐந்து மாதத்துக்கான படியை இன்னும் கொடுக்கவில்லை. முதலாளி தருவதாகச் சொல்லியிருக்கிறார், நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

போன வாரம் புதிய படிவத்தில் ஒரு பெண் விண்ணப்பம் கொடுத்தார். கல்வித் தகுதி என்ற இடத்தில் ஏதோ எழுதிப் பேனாவால் அடித்திருந்தார். பக்கத்தில் 'பன்னிரண்டாம் வகுப்பு'. அடித்த கோடுகளுக்கு அடியில் 'எம்.ஏ.' என்பது தெளிவாகத் தெரிந்தது. கீழே அச்சடித்திருந்த வரியை விரலால் காட்டி, வேறொரு படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு பேனா கேட்டார்.